நூற்புழுவை எதிர்த்து நிற்கும் பயிர்களை உயிரித் தொழில்நுட்பத்தால் உருவாக்க முடியுமா?

முடியும். தக்காளியில் எப்போதோ உருவாக்கிவிட்டார்கள். ஆனால் பாலக்கோடு பக்கம் உள்ள எங்கள் வயலில் அது எவ்வளவு உதவும் என்பது வேறு கதை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தக்காளிச் செடிகள் காலையில் நிமிர்ந்து நிற்கும், உச்சி வெயிலில் துவண்டுவிடும். சத்துக் குறைவு என்று அப்பா உரத்துக்கு மேல் உரம் போட்டார். கடைசியில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேரெல்லாம் மணி கோத்த மாதிரி முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு, அதாவது மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற புழு. உயிரித் தொழில்நுட்பம் படித்த எனக்கும் அதுவரை வேரைப் பார்க்கத் தோன்றவில்லை!

இந்தப் புழு வேருக்குள் நுழைந்து ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். எச்சிலைச் செலுத்திச் சில செல்களை ஊத வைத்து, அதிலேயே காலம் முழுக்கச் சாப்பாடு. தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றில் 'மி' என்று ஒரு மரபணு உண்டு. புழு வாய் வைத்த இடத்துச் செல்களைச் செடி தானே சாகடித்துவிடும்; புழு பட்டினி கிடந்து சாகும். அந்தக் காட்டு இனத்தை வயல் தக்காளியோடு கலந்தால் விதை உருப்படாது. அதனால் 1940களில் அமெரிக்காவில் அந்த விதையின் கருவை மட்டும் பிரித்தெடுத்து, ஊட்டம் கலந்த குடுவையில் வளர்த்துச் செடியாக்கினார்கள். மி மரபணு உள்ள ரகங்கள் அந்தக் குடுவைச் செடியின் வாரிசுகள்தான்.

சிக்கல் என்னவென்றால் சூடு. மண் 28 டிகிரியைத் தாண்டினால் மி படுத்துவிடும். சித்திரையில் எங்கள் வயலில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், புரியும். அப்புறம், கொய்யாத் தோப்புகளை அழிக்கும் நூற்புழு இனம் இந்த மரபணுவைச் சட்டையே செய்வதில்லை.

அடுத்த வழி ஆர்என்ஏ குறுக்கீடு. ஆர்என்ஏ என்பது செல்லுக்குள் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு; அதை வைத்தே ஒரு மரபணுவின் வேலையை நிறுத்துவதுதான் இது. இதை 1998இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஃபயரும் மெல்லோவும் கண்டறிந்ததே ஒரு நூற்புழுவில்தான்; 2006இல் நோபல் வாங்கினார்கள். புழுவுக்கு அவசியமான ஒரு மரபணுவை முடக்கும் ஆர்என்ஏவைச் செடியே தயாரிக்கும். அதை உறிஞ்சும் புழுவால் பிறகு வேரில் சரியாக வேரூன்ற முடியாது. அதே 2006இல் கடுகுக் குடும்பத்து ஆய்வுச்செடி ஒன்றில் நான்கு வேர்முடிச்சு இனங்களை இப்படி அடக்கிக் காட்டினார்கள். ஆனால் இப்படிப்பட்ட செடி நாற்றுப் பண்ணையில் போய்க் கேட்டால் கிடைக்காது, அவ்வளவுதான்.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரு போகம் செண்டுமல்லி போட்டு மண்ணில் புழுவைக் குறைத்தோம். கத்தரிக்குச் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று வாங்குகிறோம். அதன் வேரை இந்தப் புழு அவ்வளவாகத் தொடுவதில்லை.