இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்த தாத்தாவைப் பற்றிய விவரங்களை எப்படித் தேடுவது?

பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய பட்டாள எண்ணைத் தேடுங்கள். நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். ஒரே முனுசாமி ஒரு தாளில் முனிசாமி, அடுத்ததில் மூனுசாமி. எண்ணில் அந்தக் குழப்பம் இல்லை.

பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பல வீடுகளில் அதைக் கரையான் தின்றிருக்கும். மெடல் மட்டும் மிஞ்சியிருக்கும். அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திர மெடல் என்றால் பின்பக்கம். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தப் போரின் மெடல்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கோ எண், பெயர், பிரிவின் சுருக்கம் எல்லாம் பொறித்துத் தந்தார்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!

எங்கள் பெரிய தாத்தா நேதாஜி படையில் இருந்தார் என்றுதான் வீட்டில் கதை. மெடலில் இருந்ததோ இந்தியப் பயனியர் கோர். பாதை போட்டு, விமானத்தளம் அமைத்து, மூட்டை இறக்கிய படை அது. பெரியப்பாவுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கு இந்தத் தாத்தாவைத்தான் பிடித்திருக்கிறது.

தமிழர் என்றாலே மதராஸ் ரெஜிமென்ட் என்றும் முடிவுகட்ட வேண்டாம். அதன் பட்டாலியன்கள் இரு போர்களுக்கும் இடையே கலைக்கப்பட்டு, 1940களில்தான் மீண்டும் உருவாயின. 1935இல் சேர்ந்தவர் என்றால் மதராஸ் சாப்பர்ஸாக, அதாவது பொறியியல் படைப்பிரிவாக, இருக்க வாய்ப்பு அதிகம். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள அதன் மையத்துக்கும், ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள மையத்துக்கும், எண்ணையும் உறவுச் சான்றின் நகலையும் சேர்த்து எழுதுங்கள். அவரோ பாட்டியோ அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

போரில் இறந்தவர் என்றால் வழி வேறு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை இறந்தவர்கள் அதில் உண்டு. பல பதிவுகளில் இன்னார் மகன், இன்னாரின் கணவர், ஊர், மாவட்டம் வரை இருக்கும். ஊர்ப் பெயரையும் ஆங்கிலத்தில் நாலு விதமாக அடித்துப் பாருங்கள். பர்மாவில் மடிந்து கல்லறை தெரியாமல் போனவர்களின் பெயர்கள், ஏறக்குறைய 27,000, தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவிடத்தில் இருக்கின்றன. தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவுச்சின்னம். மலேயா, சிங்கப்பூர் பக்கம் இறந்தவரென்றால் சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி போர்க் கல்லறையைப் பாருங்கள்.