மேல் வசனத்தையும் வாசியுங்கள்: வேதபாடக் கேள்வி பதில்

கேள்வி: நானும் வேலைக்குப் போகிறேன் அண்ணன். சம்பளம் வந்ததும் ஏடிஎம் அட்டையைக் கணவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். கேட்டால் எபேசியர் 5:22-ஐக் காட்டி, "கீழ்ப்படி" என்கிறார்.

பதில்: ஒரு வசனம் மேலே போய் வாசிக்கச் சொல்லுங்கள், சகோதரி. "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று 21-ஆம் வசனம் இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. பிறகு 25-க்கு வரட்டும். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியிடம் அன்புகூர வேண்டும் என்பது கணவனுக்கு வைத்த அளவு. கலியாண ஆராதனைப் பிரசங்கங்களில் 22-ஐ நீட்டி முழக்கிவிட்டு 25-ஐ அவசரமாகக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு எரிச்சல்தான் வரும்.

கணவனே தலை, கடைசி முடிவு அவருடையது என்று போதிக்கிற சபைகள் உண்டு. இருவரும் சமம் என்கிற சபைகளும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் மனைவியின் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ள எபேசியர் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. நீதிமொழிகள் 31:16-இல் வரும் குணசாலியான ஸ்திரீ, வயலை விசாரித்துத் தானே வாங்குகிறாள். தன் கைகளின் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள். அட்டை யாரிடம் இருந்ததாம்?

கேள்வி: கணவர் அடிக்கிறார். பொறுத்துக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் அம்மா. 181 பெண்கள் உதவி எண். மனைவியைக் கனம்பண்ணாதவனின் ஜெபத்துக்கே தடைவரும் என்று 1 பேதுரு 3:7 எச்சரிக்கிறது. பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் அதை உங்களிடம் அல்ல, அவரிடம் போய்ச் சொல்லட்டும்.

கேள்வி: நகைக்கடன் வட்டி, அம்மாவுக்கு மருந்துச் செலவு. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்காவிட்டால் சாபம் என்று மல்கியா 3-ஐச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அந்தத் தசமபாகம் முக்கியமாகத் தானியமும் திராட்சரசமும் எண்ணெயும், தம்பி. நிலத்தில் பங்கில்லாமல் ஆலயப் பணி செய்த லேவியருக்குப் போனது. மூன்றாம் வருஷத்தில் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்கிறது உபாகமம் 14. உங்கள் வீட்டு நிலைமைக்கு அந்தச் சட்டப்படி நீங்கள் வாங்குகிற வரிசையில் நிற்க வேண்டியவர்! மல்கியாவையும் முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தால், குருடும் ஊனமுமான மிருகங்களைப் பலியிட்ட ஆசாரியர்கள்மேல்தான் முதல் கோபம் பாய்கிறது.

பெற்றோருக்குச் சேர வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லி நிறுத்தியவர்களை மாற்கு 7-இல் இயேசு கண்டித்தார். அதனால் அம்மாவின் மருந்து முதலில். அதற்குமேல் மனதார முடிந்ததைக் காணிக்கைப் பையில் போடுங்கள்; விசனமாயும் கட்டாயமாயும் வேண்டாம் என்றுதான் 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. உறையின்மேல் பெயரும் தொகையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அது சபையின் கணக்கு வழக்கம், வேதச் சட்டமல்ல.

கேள்வி: தசமபாகத்தைக் கணக்கிடுவது பிஎஃப் பிடித்தம் போகவா, அதற்கு முந்தைய சம்பளத்திலா?

பதில்: பவுல் சதவீதமே சொல்லவில்லை, ஐயா. வரவுக்குத் தக்கதாக என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்கு, நல்ல எதிர்காலத்தைத் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது. இந்த வருஷம் வேலை கிடைத்துவிடுமா?

பதில்: கிடைக்கட்டும் என்று நானும் ஜெபிக்கிறேன். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தைய வசனத்தில் 70 வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவீர்கள் என்று இருக்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், கலியாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது அந்தக் கடிதம். அட்டையை வேதாகமத்தில் அந்தப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, 1 முதல் 14 வரை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். அடுத்த வாரம் அந்தப் பகுதியையே வேதபாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.