அடுத்தவர் தகவல் கண்ணில் பட்டால்: கேள்வி பதில்

கோவை மாணவர்: மேடம், ஒரு பயிற்சி மையத்தின் தளத்தில் என் ஹால் டிக்கெட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தின் இணைய முகவரியில் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டினேன். வேறொரு பெண்ணின் ஹால் டிக்கெட் போட்டோ, வீட்டு முகவரி, ஆதார் எண்ணோடு வந்துவிட்டது. இது குற்றமா?

பதில்: அந்த ஒன்றோடு நிறுத்துங்கள், தம்பி. ஓட்டை இருப்பதைக் காட்ட அதுவே போதும். தேதி, நேரம், இணைய முகவரி எப்படி அமைந்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் தரவிறக்க வேண்டாம்; ஏற்கெனவே இறக்கியிருந்தால் அழித்துவிடுங்கள். மையத்துக்கு எழுதுங்கள், அசையவில்லை என்றால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள். "பணம் கொடுத்தால் விவரம் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது மிரட்டல். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 அனுமதியில்லாமல் நுழைவது, நகலெடுப்பது இரண்டையும் சொல்கிறது. அதையே நேர்மையில்லாத நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மதுரை வாசகர்: கடவுச்சொல்லே கிடையாது, கூகுளில் தேடினாலே வருகிறது. அப்புறம் எதற்கு அனுமதி?

பதில்: கதவைத் திறந்து போட்டவர் ஒருவர், உள்ளே இருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரர் வேறொருவர். அந்தப் பெண் உங்களுக்கு எந்த அனுமதியும் தரவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: அந்த ஹால் டிக்கெட்டின் லிங்க் கிடைக்குமா?

பதில்: தர மாட்டேன்.

மதுரை வாசகர் மீண்டும்: கனடாவில் எண்ணை மாற்றிய பையனை விட்டுவிட்டார்களே!

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். 2018-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாண அரசின் தகவல் உரிமைத் தளத்தில் 19 வயது இளைஞர் ஒருவர் சுமார் 7,000 ஆவணங்களை இறக்கினார். எல்லாமே பொது ஆவணங்கள் என்றுதான் நினைத்திருந்தார். தனிநபர் விவரங்களையும் அரசுதான் அங்கே கலந்து வைத்திருந்தது. போலீஸ் வீட்டுக்குள் புகுந்து சோதனை போட்டது. அடுத்த மாதமே வழக்கில்லை என்றது. அவர் பக்கம்தான் நியாயம், எனக்கு அதில் சந்தேகமில்லை.

2010-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் தளத்தில் நடந்தது வேறு. ஐபேட் வைத்திருந்த சுமார் 1,14,000 பேரின் மின்னஞ்சல் முகவரிகளை, அடுத்தவருடையது என்று தெரிந்தே சிலர் அள்ளினார்கள். அவர்களில் ஒருவருக்கு 41 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2014-இல் தீர்ப்பு ரத்தானது, ஆனால் வழக்கைத் தவறான இடத்தில் நடத்தினார்கள் என்பதற்காக. செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

செய்ய வேண்டிய முறைக்கு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைப் பாருங்கள். 2021-இல் அரசுத் தளத்தில் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் (அங்கே நம் ஆதார் எண் போல) தெரிவதை ஒரு செய்தியாளர் கண்டார். அவருடைய பத்திரிகை முதலில் துறைக்குச் சொல்லி, சரிசெய்யும்வரை காத்திருந்து, பிறகே செய்தி போட்டது. ஆளுநர் வழக்குப் போடுவேன் என்றார். அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார்.

சேலம் வாசகர்: கசிந்த பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். லிங்க்?

பதில்: மறுபடியும் அதேதான். உங்கள் பெயரைத் தேட மற்ற எல்லோருடைய விவரமும் உங்கள் கைக்கு வரக்கூடாது. 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துப் பாருங்கள், தெரிந்த கசிவுகளில் அது இருந்தால் சொல்லும்.

திருச்சி வாசகி: கணவர் போனைப் பார்க்கலாமா?

பதில்: இது என் துறை இல்லை, அம்மா. வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கிளினிக் ஊழியர்: நோயாளிகள் பட்டியல் எங்கள் கூகுள் ஷீட்டில் 'லிங்க் உள்ள யாரும்' என்று இருக்கிறது.

பதில்: இதைப் படித்து முடிக்கும் முன்பே மாற்றுங்கள். 'ரெஸ்ட்ரிக்டட்' என்று வைத்து, தேவையான இரண்டு மூன்று பேரை மட்டும் பெயர் சொல்லிச் சேருங்கள். பழைய லிங்க் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கெல்லாம் போனது என்று பார்த்து, யாராவது நகலெடுத்தார்களா என்று விசாரியுங்கள். மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். நோயாளிகளுக்கும் தெரிய வேண்டும்.