மலத்தை அடக்கும் குழந்தை: பயம் போகும்வரை மருந்து வேண்டும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. ஐந்தாறு நாளைக்கு ஒருமுறைதான் ஆய் போகிறான். பெரிதாக, இறுகி வருகிறது, அலறுகிறான். இரண்டு தடவை மலத்தின் மேல் ரத்தக் கோடு தெரிந்தது. மற்ற நாட்களில் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று, காலை விறைத்துக்கொண்டு முகம் சிவக்க முக்குகிறான், எதுவும் வருவதில்லை. டாக்டர் கொடுத்த மருந்துப் பொடியில் ஒரே வாரத்தில் சரியானது. பழகிவிடுமோ என்று பயந்து நிறுத்தினேன், சில நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது டயபரில் தண்ணீராகவும் கசிகிறது. இது பேதியா, மலச்சிக்கலா? இன்னும் இரண்டு மாதத்தில் மழலையர் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்குள் டயபரை விடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்போம். அவன் முக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அவன் முக்கவில்லை, அடக்குகிறான். காலை விறைப்பது, நுனிக்காலில் நிற்பது, தொடைகளை இறுக்கிச் சேர்ப்பது, எதையாவது பிடித்துக்கொண்டு முகம் சிவப்பது எல்லாமே வெளியே வரப் பார்க்கும் மலத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கும் முயற்சி. ஆய் போக முயலும் குழந்தை பெரும்பாலும் உடம்பை மடக்கிக் குந்தும். அடக்குகிற குழந்தை உடம்பை நீட்டி விறைக்கும். பல பெற்றோர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பக்கத்தில் நின்று "முக்கு, முக்கு" என்று சொல்கிறார்கள். அவனுடைய பயம்தான் இன்னும் கூடுகிறது.

பயம் எப்படி வந்திருக்கும்? ஒருமுறை இறுகிய மலம் போய் வலித்திருக்கும். காய்ச்சலுக்குப் பிறகோ, சரியாகத் தண்ணீர் குடிக்காத ஒரு வாரத்திலோ, டயபரை விடச் சொல்லி வற்புறுத்திய சமயத்திலோ அது நடந்திருக்கலாம். வலித்த காரியத்தை மறுபடி செய்யக்கூடாது என்று இரண்டரை வயதுக் குழந்தை முடிவெடுத்தால் அது நியாயமான முடிவுதான். ஆனால் அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மலம் இன்னும் பெரிதாகிறது, இன்னும் இறுகுகிறது. அது வெளியேறும்போது ஆசனவாய்த் தோல் லேசாக வெடிக்கிறது; நீங்கள் பார்த்த ரத்தக் கோடு பெரும்பாலும் அந்த வெடிப்பிலிருந்து வந்தது. அடுத்த முறை பயம் இரட்டிப்பாகிறது.

கசிவைப் பற்றிக் கேட்டீர்கள். அது பேதியாக இருக்க வாய்ப்பு குறைவு. மலக்குடலில் பெரிய கட்டி அடைத்துக்கொண்டிருக்கும்போது, மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாக வழிந்து வருகிறது. நாள்கணக்கில் விரிந்தே இருக்கும் மலக்குடலுக்கு நிறைந்திருப்பதை உணரும் திறனும் மங்கிப்போகும். அதனால் கசிவது அவனுக்கே தெரியாது. இதற்காக அவனைத் திட்டாதீர்கள். பேதி என்று நினைத்து அதை நிறுத்தும் மருந்தும் கொடுக்காதீர்கள், அடைப்பு மோசமாகும்.

இந்த வயதில் பெரும்பாலான மலச்சிக்கலுக்குப் பின்னால் வேறு நோய் இருப்பதில்லை. இருந்தாலும் சில விஷயங்களை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்: பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகவில்லை, பிறந்த சில வாரங்களிலேயே மலச்சிக்கல் தொடங்கியது, எடை கூடவில்லை, மலம் எப்போதும் நாடா போல மெல்லியதாக வருகிறது, கால்களில் பலவீனம் தெரிகிறது, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் மேல் குழியோ முடிக்கற்றையோ இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை வேண்டும். வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால், அல்லது உப்பிய வயிறோடு காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாத குழந்தைக்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று வரிசையாகத் தேவையில்லை. மருத்துவர் கேட்டறிந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். அதற்கு இரண்டு கட்டம் உண்டு. முதலாவது, உள்ளே தேங்கியிருப்பதை வெளியேற்றுவது. இதைச் செய்யாமல் நார்ச்சத்தைக் கூட்டினால் கட்டி பெருக்கும், வயிறு வலிக்கும். வெளியேற்றுவதற்கு முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்து பாலிஎத்திலீன் கிளைக்கால். உங்கள் மருந்துப் பொடி இதுவாகத்தான் இருக்கும். உறையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேக்கத்தை எடுக்க ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாட்கள். 12 கிலோ குழந்தைக்கு அது 12 முதல் 18 கிராம் ஆகிறது. அளவைச் சொல்வது, மருத்துவரிடம் நீங்கள் இதைப் பற்றிப் பேச முடிய வேண்டும் என்பதற்காக. அவர் பார்க்காமல் நீங்களாக இந்த அளவில் தொடங்க வேண்டாம். அந்த நாட்களில் கசிவு கூடும், வயிறு பிசையும். வேலையும் வெளியூர்ப் பயணமும் இல்லாத நாட்களாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

இரண்டாவது கட்டம் நீளமானது. பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். தேக்கம் போனபிறகு அதே மருந்தைக் குறைந்த அளவில், கிலோவுக்கு 0.2 முதல் 0.8 கிராம் வரை, தினமும் கொடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு மாதம். தொந்தரவு முழுதாக நின்று ஒரு மாதமாவது ஆன பிறகே மெல்ல மெல்லக் குறைக்கலாம். கழிப்பறைப் பழக்கம் இன்னும் வராத குழந்தைக்கு அது வரும்வரை நிறுத்தவே கூடாது. ஆக, உங்கள் மகனுக்குப் பல மாதங்கள் ஆகலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பழகிவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மருந்து குடலைச் சுண்டி வேலை வாங்குவதில்லை. நீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு கீழே இறங்குகிறது. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. நிறுத்தியதும் மலச்சிக்கல் திரும்பியதற்குக் காரணம் மருந்துக்குப் பழகியது அல்ல. விரிந்த மலக்குடல் சுருங்கிப் பழைய நிலைக்கு வரவும், அவன் பயத்தை மறக்கவும் ஒரு வாரம் போதாது. வலிக்காமல் நூறு தடவை போனால்தான் வலித்த அந்த ஒரு தடவை மறக்கும். பொடியைச் சொன்ன அளவுத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துக் கொடுங்கள். மலம் தினமும், பிசைந்த மாவு போல மென்மையாக வர வேண்டும். தண்ணீராக ஓடினால் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், இறுகினால் கூட்டலாம். எவ்வளவு கூட்டலாம், குறைக்கலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் நீங்களே சமாளிக்கலாம்.

பின்வழியாகச் சப்போசிட்டரி, எனிமா, சோப்புத் துண்டு, விரல் என்று எதையும் வீட்டில் முயலாதீர்கள். அன்றைக்கு மலம் வந்துவிடும், ஆனால் அந்த இடம் வலிக்கும் இடம் என்ற பாடம் அவன் மனதில் ஆழமாகப் பதிந்துவிடும். தேக்கத்தை எடுப்பதில் வாய்வழி மருந்தும் எனிமாவும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன. அப்படியிருக்க வலியைத் தேர்ந்தெடுப்பானேன்? விளக்கெண்ணெயும் வேண்டாம்.

உணவைப் பற்றி நிறையச் சொல்லப்படுகிறது. நான் சுருக்கமாகவே சொல்கிறேன். பாலைக் கவனியுங்கள். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கிற குழந்தைக்கு மற்ற உணவில் பசி இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். பாட்டிலை எடுத்துவிட்டுக் கோப்பைக்கு மாற்றினாலே பாலின் அளவு இறங்கிவிடும். பேரிக்காய், உலர் பிளம்ஸ் போன்றவற்றில் இருக்கும் சார்பிட்டால் என்ற சர்க்கரை நீரை இழுத்து மலத்தை இளக்கும். பழம், காய், பருப்பு, முழுத்தானியம் எல்லாம் வழக்கமான அளவில் இருக்கட்டும். தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி போதும். ஏற்கெனவே தேவையான அளவு குடிக்கிற குழந்தையை மேலும் குடிக்க வைப்பதால் பலன் இல்லை. இவ்வளவு முற்றிய மலச்சிக்கலை உணவை மட்டும் வைத்துச் சரிசெய்ய முடியாது. முடியவில்லையே என்று நீங்கள் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டாம்.

வெடிப்பு ஆறும்வரை ஆசனவாயைச் சுற்றி வாஸ்லின் தடவுங்கள். வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்தால் இதமாக இருக்கும்.

இனி டயபர். அதை விடவைக்கும் முயற்சியைத் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். அவன் டயபரில்தான் போவான் என்றால் போகட்டும். போனால் போதும். மலம் சில வாரங்கள் தொடர்ந்து மென்மையாக வந்தபிறகு, டயபரோடேயே குளியலறையில் நின்று போகச் சொல்லுங்கள். அப்புறம் டயபரோடு குட்டிக் கழிப்பறை இருக்கையில் உட்காரட்டும். பிறகு டயபரைத் திறந்து இருக்கைக்குள் விரித்து வையுங்கள். அவன் ஒவ்வொரு படியிலும் எத்தனை நாள் நின்றாலும் சரி. சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் என்பதால், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் உட்கார வைப்பது நல்லது. பாதம் அந்தரத்தில் தொங்கக்கூடாது; காலுக்கடியில் முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே இருக்கும்படி செய்யுங்கள். மலம் வந்ததா என்று பார்த்துப் பாராட்டாமல், உட்கார்ந்ததற்காகப் பாராட்டுங்கள். அழுதால் உடனே எழுப்பிவிடுங்கள்.

பள்ளிக்குப் போய், இது மருத்துவச் சிகிச்சையில் இருக்கும் பிரச்சினை, இன்னும் சில மாதம் டயபர் தேவை என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் பேச்சு சுலபமாகும். அவனை மற்றவர்கள் முன்னால் கேலி செய்யாமல் தனியே மாற்றிவிடும் ஆள் யார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் சேர்க்கையைச் சில மாதம் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து. சேர்த்த பிறகு மருந்தை எந்த நேரத்தில் கொடுத்தால் அவன் வீட்டில் இருக்கும்போது மலம் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் ஒழுங்காக மருந்து கொடுத்தும் முன்னேற்றம் இல்லையென்றால், தைராய்டு, சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்), பால் ஒவ்வாமை ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று குழந்தை நல மருத்துவரிடம் கேளுங்கள்.