ஏரிக்குப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

படகு, தூண்டில், நீச்சல் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: பெரியவர்கள் நான்கு பேர், கூடவே ஒரு குழந்தை. படகு 12 அடி நீளம், 4 அடி அகலம். துடுப்புப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். எல்லோரும் ஒரே நடையில் போகலாமா?

வேண்டாம், இரண்டு நடையாகப் போங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகிலேயே தகடு அடித்திருந்தால் அதுதான் கணக்கு. தகடு இல்லாத சிறு படகுக்கு நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் படகுக்கு 48-ஐ 15-ஆல் வகுத்தால் 3.2 வருகிறது. மூன்று பேர்தான் போகலாம். ஓர் ஆளுக்குச் சுமார் 68 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சாப்பாட்டுக் கூடை, ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் சேர்ந்தால் அந்த மூன்றும் குறையும். குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணுங்கள், ஏனென்றால் படகில் சும்மா உட்காராதது குழந்தைதான்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஒருவர் இறங்கிவிடுங்கள். ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல், குனிந்தபடி நடுவில் கால் வைத்து உடனே உட்காருங்கள். இடம் மாற நினைத்தால் கரைக்கு வந்து மாறுங்கள். சிறு படகுகள் பெரும்பாலும் கவிழ்வது அலையால் அல்ல, ஒருவர் எழுந்து நிற்கும்போதுதான். கவிழ்ந்துவிட்டால் கரை பக்கமாகத் தெரிகிறதே என்று நீந்தப் புறப்படாதீர்கள். தண்ணீர்ப் பரப்பில் தூரம் எப்போதும் குறைவாகவே தெரியும். கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு இருங்கள்.

கிளம்பும் முன் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் துடுப்புப் போட்டுப் போய்விட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். சுகமாக இருக்கிறதே என்று காற்றோடு போனவர்கள்தான் கை ஓய்ந்த நேரத்தில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். நங்கூரம் போட்டால் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரை இருக்கட்டும். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் தரையைக் கவ்வாமல் இழுபடும். முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை அந்தப் பக்கமாகவே உள்ளே ஏறும்.

கேள்வி: குழந்தைக்குப் பெரியவர்களின் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிவிட்டால் போதாதா?

போதாது. குழந்தை தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். ஜாக்கெட்டை மாட்டி எல்லா வாரையும் பூட்டிய பிறகு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் அளவு சரியில்லை. கால்களுக்கு இடையே வரும் வார் குழந்தைகளுக்குக் கட்டாயம்.

கேள்வி: தக்கை லேசாக ஆடுகிறது, சுண்டினால் மீன் இல்லை. முள்ளை எடுத்துப் பார்த்தால் இரை மட்டும் போயிருக்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும் ஆழத்திலும் ஈயத்திலும்தான் கோளாறு. முதலில் ஆழத்தை அளந்துவிடுங்கள். முள்ளில் கனமான ஈயக்குண்டு ஒன்றை மாட்டி, மீன் பிடிக்கப்போகும் இடத்தில் போடுங்கள். தக்கை முழுகினால் அது முள்ளுக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள், அதைத் தூண்டில் நரம்பில் மேலே தள்ளுங்கள். படுத்துக் கிடந்தால் கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரியும்படி நிமிர்ந்து நின்றால் முள் தரையைத் தொடுகிறது. தரையில் மேயும் கெண்டை வகைகளுக்கு இந்த அளவே போதும். மேல்மட்டத்தில் மேயும் மீனுக்குத் தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள்.

அடுத்தது ஈயம். பாதித் தக்கை தண்ணீருக்கு மேலே நின்றால், மீன் அதை இழுக்கும்போது எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். ஒரு சென்டிமீட்டர் நுனி மட்டும் தெரியும் வரை ஈயம் சேருங்கள். அப்படிச் செய்தால், முன்பு கண்ணுக்குத் தப்பிய ஒரு கடியும் தெரியவரும்: தக்கை முழுகாமல் சட்டென்று மேலெழுந்து சாயும். தரையிலிருந்த இரையை மீன் கவ்வி, ஈயத்தோடு சேர்த்துத் தூக்குகிறது. தாமதிக்காமல் சுண்ட வேண்டிய நேரம் அது.

கோலுக்கும் தக்கைக்கும் நடுவே நரம்பு தண்ணீர் மேல் கிடந்தால், காற்று அதை வில்லாக வளைத்துவிடும். நீங்கள் சுண்டுவது அந்த வளைவை நிமிர்த்தவே சரியாகிவிடும், முள்வரை போய்ச் சேராது. தூண்டிலைப் போட்டதும் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ரீலை இரண்டு சுற்றுச் சுற்றினால் நரம்பு தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் இரை மட்டும் போனால் பொடிமீன்கள்தான் கொத்துகின்றன. சிறிய முள்ளுக்கு மாறுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். சின்ன மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்துபோய், அங்கே நோய் பற்றும்.

கேள்வி: பெரிய மீன் மாட்டினால் நரம்பு முடிச்சிலேயே அறுந்துவிடுகிறது. மட்டமான நரம்பா?

நரம்பைக் குறை சொல்லும் முன் முடிச்சைப் பாருங்கள். நைலானை உலர்வாக இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடம் பலம் இழக்கும். நரம்பை முள்ளின் கண்ணில் கோத்து, அதன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். நுனியைக் கண்ணை ஒட்டிய சிறு வளையத்தில் நுழைத்து, அதனால் உண்டான பெரிய வளையத்திலும் நுழையுங்கள். தண்ணீரில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார்ந்தால் முடிச்சு சரி. ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

கேள்வி: மேலே வெதுவெதுப்பாக இருக்கும் ஏரியில் கால் கீழே போனதும் சில்லென்கிறது. இது ஆபத்தா?

ஆபத்து உண்டு. வெயிலில் சூடான தண்ணீர் கனம் குறைந்து மேலே நிற்கும், குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கும். ஆழமான ஏரியில் இவ்விரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்பதுண்டு. பலத்த காற்று மேல்நீரை எதிர்க்கரைக்குத் தள்ளினால், காற்று புறப்படும் கரையில் அடிக்குளிர்நீர் மேலே வந்துவிடும். நேற்றுக் குளித்த அதே இடம் இன்று சில்லிடுவது இதனால்தான்.

திடீர்க் குளிர் பட்டதும் மூச்சு தானாகவே உள்ளிழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். அதனால் குதிக்காமல் நடந்து இறங்குங்கள். மூச்சு திணறினால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும் வரை இருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். தலைகீழாகப் பாய்வது எந்த ஏரியிலும் கூடாது. தெளிந்த நீரில் மேலிருந்து பார்த்தால் இரண்டு மீட்டர் ஆழம் ஒன்றரை மீட்டராகத் தெரியும். கலங்கிய நீரிலோ கட்டையும் பாறையும் கண்ணுக்கே தெரியாது. மதகுப் பக்கம் போகவே வேண்டாம், அடியில் இழுக்கும் நீர் மேலே தெரிவதில்லை.

கேள்வி: நீர்க்கொடி காலில் சுற்றிக்கொண்டால்?

உதைக்காதீர்கள், உதைத்தால் இன்னும் இறுகும். மல்லாந்து மிதந்து, கையை மட்டும் மெதுவாக அசைத்து, வந்த வழியே திரும்புங்கள். கொடி பெரும்பாலும் தானாகவே நழுவும்.

கேள்வி: கரையோரம் தண்ணீர் பச்சையாக இருக்கிறது. குளிக்கலாமா?

ஒரு நீளக் குச்சியை விட்டு எடுங்கள். தலைமுடிபோல இழை இழையாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. பெயின்டில் தோய்த்ததுபோலக் குச்சியில் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். இதில் சில வகை ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை விடும். காற்று தள்ளும் கரையில்தான் இது கெட்டியாக ஒதுங்கும். எதிர்க்கரை தெளிவாக இருக்கிறதே என்று அங்கே இறங்குவதும் சரியல்ல, காற்று திரும்பினால் பாசியும் திரும்பும். குழந்தைகளையும் நாயையும் தள்ளியே வையுங்கள். பாசி உடம்பில் பட்ட நாய் தன் மயிரை நக்கியே நஞ்சை விழுங்கிவிடும், உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது. சமையலுக்கும் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள்.