52-இல் 38 போனால் 26?

கேள்வி: ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பரீட்சை வைத்து, தேறாதவர்களை அதே வகுப்பில் உட்கார வைத்தால்தான் பிள்ளைகள் படிப்பார்கள். ‘ஆல் பாஸ்’ வந்ததிலிருந்து எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குத் தமிழ்கூடத் தடுமாறாமல் வாசிக்க வரவில்லை. பரீட்சையே கூடாது என்பதுதான் உங்கள் கட்சியா?
- ஒரு தந்தை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பரீட்சை கூடாது என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. பரீட்சை வேண்டும். அடிக்கடி வேண்டும். விடைத்தாளைத் திருத்துகிறவர் அதைப் படிக்கவும் வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 52-இல் 38-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 26 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பூஜ்யம், அடுத்த தாள். அந்த 26 எங்கிருந்து வந்தது? இரண்டில் எட்டு போகாது என்பதால் எட்டில் இரண்டைக் கழித்து 6 போட்டிருக்கிறது. ஐந்தில் மூன்று போக 2. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டதை நம்பி, ஒன்றாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் ஒழுங்காக அதையே செய்திருக்கிறது. இது சோம்பலும் இல்லை, மக்குத்தனமும் இல்லை. கடன் வாங்குவது என்றால் ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்குவது என்பது மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஒரு கட்டை அதன் கண்ணெதிரே அவிழ்த்துக் காட்டினால் விளங்கிவிடும். பாதிப் பாடவேளை போதும். எந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்வதற்காகத்தான் பரீட்சை.

இதை ஜூலையில் கண்டுபிடித்தால் மறுநாளே சரிசெய்யலாம். ஏப்ரலில் கண்டுபிடித்து ‘ஃபெயில்’ என்று எழுதினால் என்ன நடக்கும்? அதே வகுப்பு, அதே புத்தகம், அதே விளக்கம். முதல் தடவை புரியாத அதே சொற்கள் இரண்டாம் தடவை எப்படிப் புரியும்? என்னோடு படித்து ஐந்தாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட ஒருவன், தன் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. தீபாவளிக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவே இல்லை.

உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றது. பிள்ளையின் புரிதலைத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. நம் மாநிலத்தில் 2012-13இல், ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு, பாடம் நடக்கும்போதே பிள்ளையைக் கவனித்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் பரீட்சை வைத்துப் போடும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் பல பள்ளிகளில் அந்த 40 பதிவேட்டை நிரப்புகிற வேலையாகச் சுருங்கிவிட்டது. ‘நிறுத்தாதே’ என்பதைப் பிடித்துக்கொண்டோம், ‘கவனி’ என்பதை விட்டுவிட்டோம். வாசிக்க வராத பிள்ளையை எட்டு ஆண்டுகள் வகுப்பு வகுப்பாகத் தள்ளிவிட்டதைக் கருணை என்று நானும் சொல்ல மாட்டேன்.

அதற்கு மருந்து பொதுத்தேர்வு இல்லை. 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு ஆணையிட்டு, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. அன்று நிம்மதியடைந்தவர்களில் நானும் ஒருவன். 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களுக்குக் கூடுதலாகக் கற்பித்து, இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைப்பார்கள். அதிலும் தேறாவிட்டால் நிறுத்துவார்கள். தமிழ்நாடு இதை ஏற்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். தோற்ற பிறகு அந்த இரண்டு மாதத்தில் கொடுக்க முடிகிற கூடுதல் கவனத்தை, பிள்ளை தோற்பதற்கு முன்பே ஆகஸ்டில் கொடுக்க யார் தடுத்தார்கள்?

உங்கள் மகனை எட்டாம் வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைப்பதால் அவனுக்கு வாசிக்க வந்துவிடாது. அவன் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் தடுமாறுகிறானா, கூட்டிப் படித்தும் பொருள் பிடிபடாமல் நிற்கிறானா என்பது முதலில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இந்த வாரமே பள்ளிக்குப் போங்கள். “எத்தனை மார்க்?” என்று கேட்காதீர்கள். அவன் விடைத்தாளை வாங்கி ஆசிரியர் முன் விரித்து, “எந்த இடத்தில் தடுக்குகிறான், காட்டுங்கள்” என்று கேளுங்கள்.