ட்ரஸ் கணக்கில் குறி மாறுவது ஏன்?

ஆறு நாளில் ஸ்டாடிக்ஸ் (அசையாத பொருள்களின் விசைக் கணக்கு) தேர்வு, ட்ரஸ்ஸில் (முக்கோணங்களாக இணைத்த சட்டகம்) விடை சரி, பிளஸ்-மைனஸ் குறி மட்டும் தப்பு என்கிறீர்கள். ஃபார்முலாவை மறுபடி படித்துப் பயனில்லை. தவறு படத்தில் இருக்கிறது.

எல்லா உறுப்பிலும், அதாவது ஒவ்வொரு கம்பியிலும், இழுவிசை என்றே வையுங்கள், விசையின் அம்பு ஜாயின்டை (கம்பிகள் இணையும் இடத்தை) விட்டு வெளியே போகட்டும். மைனஸ் வந்தால் அது அழுத்தம். அந்த மைனஸோடு அப்படியே அடுத்த ஜாயின்டுக்குப் போங்கள். பாதியில் அம்பைத் திருப்பிவிட்டு மைனஸையும் போட்டால் இரண்டு முறை திருப்பியதாகிவிடும். உங்கள் தப்பு பெரும்பாலும் இதுதான்.

ரியாக்‌ஷன் (தாங்கிகள் தரும் எதிர்விசை) தப்பானால் மொத்தமும் போச்சு, ஒரு நிமிடம் செலவழித்துச் சரிபாருங்கள். 6 மீட்டர் பீம், இரு முனையிலும் தாங்கி, வலது முனை B. இடது முனை A-யிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன், வலது பாதி 3 மீட்டரில் ஒவ்வொரு மீட்டருக்கும் 3 கிலோநியூட்டன் பரவிய சுமை. பரவிய சுமை மொத்தம் 9, அது A-யிலிருந்து 4.5 மீட்டரில் விழும். A-யில் மொமன்ட் (விசை × தூரம்): 24 + 40.5 = 64.5, ஆறால் வகுத்தால் B-யில் 10.75. மீதி 10.25 A-க்கு என்று கழித்து எழுதாமல், B-யிலும் மொமன்ட் எடுங்கள்: (48 + 13.5) ÷ 6 = 10.25. இரண்டும் கூடி 21 வந்தால் நிம்மதியாக மேலே போகலாம்.

ட்ரஸ்ஸில் ஒன்றிரண்டு உறுப்பு மட்டும் கேட்டால் வெட்டு முறைதான், அதாவது ட்ரஸ்ஸைக் குறுக்கே வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது. தெரியாத மூன்று உறுப்புக்கு மேல் வெட்டாதீர்கள். இரண்டு சந்திக்கும் புள்ளியில் மொமன்ட் எடுத்தால் மூன்றாவது நேரே வரும்.

உராய்வில் ஒரு எச்சரிக்கை: 100 நியூட்டன் கட்டை, குணகம் 0.3, கிடையாக 20 நியூட்டனில் இழுத்தால் உராய்வு 20தான், 30 அல்ல. 30 என்பது நழுவும் விளிம்பில் மட்டும்.